உறவு முறை என்றொரு கட்டம்

எங்கள் அலுவலக மருத்துவக் காப்பீட்டு போர்ட்டலில், குடும்பத்தாரைச் சேர்க்கும் பக்கத்தில் ‘உறவு முறை’ என்று ஒரு கட்டம் வரும். அழுத்தினால் அப்பா, அம்மா, கணவன்/மனைவி, மகன், மகள் என்று கீழே விரியும். 2019-ல் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அதைத் திறந்தபோது பட்டியலின் அடியில் ‘துணைவர்’ என்று புதிதாக ஒன்று முளைத்திருந்தது. பக்கத்து சீட்டில் யாராவது கவனிக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். உடனே மூடிவிட்டேன். அதை அழுத்த எனக்கு இன்னும் ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது.

நான் கே, அதாவது ஆண்களை விரும்பும் ஆண். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். 2010-லிருந்து சென்னை ஓ.எம்.ஆரில் மென்பொருள் சோதனை வேலை, அதாவது டெஸ்டிங். போன மாதம் என்னைப் போன்ற ஒரு தம்பி, வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது, போனில் கேட்டான்: “அண்ணா, ஆபீஸ்ல சொல்லிடலாமா?” அவனுக்குப் பாதி பதில்தான் போனில் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதல் கம்பெனியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். காலையில் ஆபீஸ் கேபில் ஏறினால் சோழிங்கநல்லூர் வரை பேச்சுதான். எல்லாருக்கும் தெரிந்த அந்தச் சினிமா காமெடி வசனம் தினமும் ஒருமுறையாவது வரும். யாராவது இரண்டு ஆண்கள் ஒட்டி உட்கார்ந்தால் போதும், வண்டியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பேன்.

2013 டிசம்பர் 11 அன்று கேன்டீன் டிவியில் செய்தி ஓடியது. ஒருபாலுறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 377-ஐ டெல்லி உயர் நீதிமன்றம் 2009-ல் ஒதுக்கிவைத்துக் கொடுத்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எங்கள் மேனேஜர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், “நல்ல வேலை பண்ணாங்க. இல்லேன்னா இவனுங்க ஆபீசுக்குள்ளயே வந்துருப்பானுங்க.” அதே மேஜையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து நான் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் விஷயம் வெளியே தெரிந்தது. நான் சொல்லவில்லை. மேஜைமேல் கிடந்த என் போனில் ஒரு டேட்டிங் ஆப்பின் அறிவிப்பு எட்டிப்பார்த்தது, பக்கத்து சீட்காரர் அதைப் பார்த்தார், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது நின்றது. கிளையன்ட் சென்னை வந்தபோது டெமோ கொடுக்க வேண்டியது நான், கடைசி நேரத்தில் வேறு ஒருவரைப் போட்டார்கள். அந்த வருஷ அப்ரைசலில் ரேட்டிங் இரண்டு படி இறங்கியது. காரணம்: “டீமோடு ஒட்டுவதில்லை.” அப்புறம் எச்.ஆர். ஒரு சின்ன ரூமில் உட்காரவைத்து இனிமையாகப் பேசினார். “நீங்களே பேப்பர் போட்டுட்டா ரெண்டு பேருக்கும் நல்லது.” போட்டேன். ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று நானே டைப் பண்ணி அனுப்பினேன்.

அந்த நேரத்தில் கம்பெனி ஏற்பாடு செய்திருந்த கவுன்சிலிங் நம்பருக்கும் போன் பண்ணினேன். எதிர்முனையில் இருந்தவர், கல்யாணம் செய்துகொண்டால் சரியாகிவிடும், மாற்றிவிடலாம் என்றார். இன்று யாராவது அப்படிச் சொன்னால் அது வெறும் அறியாமை என்று விட வேண்டியதில்லை. 2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு இப்படி ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்குத் தடை போட்டது. அந்த வழக்கைத் தொடர்ந்து 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்றே அறிவித்தது. அந்த நீதிபதி, இந்த விஷயம் தனக்கே புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பேசிவிட்டுத் தீர்ப்பு எழுதினார். என் மேனேஜர்களில் ஒருவராவது அவ்வளவு மெனக்கெட்டிருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

பல வருஷம் கழித்து ஒரு வக்கீலிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அனுதாபம் காட்டுவார் என்று பார்த்தேன். அவர் கேட்டது, யார் என்ன எழுதிக் கொடுத்தார்கள், எந்தத் தேதி, ராஜினாமாவில் என்ன காரணம் எழுதினாய். ரேட்டிங் தவிர என்னிடம் ஒரு தாளும் இல்லை. காரணத்தையோ நானே ‘சொந்தம்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்று 1947-லிருந்து ஒன்று இருக்கிறது. அதன் 41-ஆம் பிரிவுப்படி தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீசோ சம்பளமோ இல்லாமல் அனுப்ப முடியாது, அனுப்பினால் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு என்றார். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது, எனக்குப் பொருந்தியிருக்கும். ஆனால் என்னை யாரும் அனுப்பவில்லையே, நானாகத்தானே போனேன்! அந்தச் சின்ன ரூமில் மட்டும் எழுத வேண்டாம், “யோசித்துச் சொல்கிறேன்” என்று எழுந்து வந்துவிடு என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது கம்பெனிக்குத் தலைமையகம் லண்டன். 2017-ல் ஆறு மாதம் அங்கே ஆன்சைட் போனேன். எனக்கு எதிர் மேஜைக்காரர் தன் கணவரோடு எடுத்த போட்டோவை மானிட்டர் பக்கத்தில் வைத்திருந்தார். யாரும் அதைப் பார்க்கக்கூட இல்லை. நான் மட்டும்தான் தினமும் பார்த்தேன். அங்கே 2003 டிசம்பரிலிருந்தே வேலையிடத்தில் பாலீர்ப்பை, அதாவது ஒருவருக்கு யார்மேல் ஈர்ப்பு என்பதைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வது சட்ட விரோதம். 2010-ல் வந்த சமத்துவச் சட்டத்தில் வயது, இனம், மதம், உடற்குறை என்று காக்கப்படும் ஒன்பது அடையாளங்களில் பாலீர்ப்பும் ஒன்று. எங்கள் சென்னை ஆபீசின் நடத்தை விதிகளில் அந்த வார்த்தை இருப்பது அங்கிருந்து அப்படியே நகல் எடுத்ததால்தான். அங்கே அந்த வரியை மீறினால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இங்கே அதே வரி கம்பெனி தானாகக் கொடுத்த வாக்கு.

2018 செப்டம்பர் 6, வியாழக்கிழமை. ரிலீஸ் நாள். கான்ஃபரன்ஸ் அழைப்பை மியூட்டில் போட்டுவிட்டுப் படிக்கட்டில் நின்று செய்தி படித்தேன். 377-ஐ எதிர்த்த நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு இருப்பது குற்றமில்லை என்றார்கள். இந்தச் சமூகத்திடமும் குடும்பத்தாரிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதியிருந்தார். திரும்பி வந்து மியூட்டை எடுத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். சனி ஞாயிறு ஊருக்குப் போய், திங்கள் காலை இரண்டு கிலோ பால்கோவாவோடு வந்தேன். “என்ன விசேஷம், பொண்ணு பாத்தாச்சா?” என்று கேட்டார்கள். “சும்மா, ஊருக்குப் போனேன்” என்றேன்.

இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். நானும் போட்டேன். 377 போய்விட்டது, இனி வேலையில் கை வைக்க முடியாது என்று நினைத்தேன். அந்தத் தீர்ப்பு நம்மைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து எடுத்தது. (2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை.) அரசு வேலையில் இருப்பவருக்கு அது நேரடியாக உதவும், ஏனென்றால் அரசியலமைப்பின் சமத்துவ உறுப்புகள் அரசைக் கட்டுப்படுத்துபவை. உத்தரப் பிரதேசத்தில் ஓர் ஊர்க்காவல் படைக்காரரை, தன் துணையோடு இருந்த வீடியோவைக் காரணம் காட்டி 2019-ல் வேலையிலிருந்து நீக்கினார்கள். 2021 பிப்ரவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. அதே நீதிமன்றம் 2010-ல், அலிகார் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமச்சந்திர சிராஸின் பணியிடை நீக்கத்துக்கும் தடை போட்டது. வீட்டுக்குள் கேமராவோடு ஆள் புகுந்து எடுத்த வீடியோவை வைத்துத்தான் அவரை நீக்கியிருந்தார்கள். தடை வந்த சில நாட்களில் அவர் தன் வீட்டில் இறந்து கிடந்தார். தீர்ப்பு கையில் இருந்தும் வாழ முடியாமல் போவதும் உண்டு.

தனியார் கம்பெனிக்கு வந்தால் கதை வேறு. 2019-ல் வந்த திருநர் சட்டம் தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது, வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது, ஆனால் அது திருநர்களுக்கு. கே, லெஸ்பியன், இருபாலீர்ப்பு உள்ளவர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இந்தியாவில் இன்றுவரை இல்லை. எம்.பி. சசி தரூர் 2016-ஆம் ஆண்டின் பெயரில் பாகுபாட்டுக்கு எதிராக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. வேலையிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், அதாவது ‘போஷ்’, பெண் கொடுக்கும் புகாரைத்தான் ஏற்கும். லெஸ்பியன் பெண்கள் இதைப் பயன்படுத்தலாம். துன்புறுத்தியவரும் பெண்ணாகவே இருந்தாலும் புகார் செல்லும் என்று 2020-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆணுக்கு, கம்பெனி தன் விதியில் எல்லாப் பாலினத்தாரையும் சேர்த்திருந்தால் மட்டும் உண்டு.

அதனால்தான் அந்தத் தம்பியிடம் முதலில் சொன்னேன், விதிப் புத்தகத்தை எடுத்து ‘பாலீர்ப்பு’ என்ற பொருளில் வார்த்தை இருக்கிறதா என்று தேடு. “நம் நிறுவனத்தில் அனைவரும் சமம்” என்றிருந்தால் அது சுவரொட்டி. ஜூன் மாதம் லோகோ வானவில்லாக மாறும், ஜூலை 1 காலை பழைய நீலத்துக்கு வந்துவிடும், அதையும் கணக்கில் எடுக்காதே. அந்த ஒரு வார்த்தை எங்கே, எந்தப் பத்தியில் இருக்கிறது, மீறினால் யாரிடம் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பார்.

சரி, போர்ட்டலுக்கு வருகிறேன். 2021 ஏப்ரலில் காப்பீடு புதுப்பிக்கும் நேரம். கொரோனா இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தது. என் துணைவனுக்கு ஃப்ரீலான்ஸ் வேலை, சொந்தக் காப்பீடு கிடையாது. நாலு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரு ராத்திரி அந்தக் கட்டத்தை அழுத்தினேன். ஒரே முகவரி என்பதற்கு வாடகை ஒப்பந்தம், இருவரும் கையெழுத்திட்ட ஓர் உறுதிமொழி, அவ்வளவுதான் கேட்டார்கள். மே மாதம் அவனுக்குக் காய்ச்சல், ஆக்சிஜன் இறங்கி ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. பில்லின் பெரும்பகுதியைக் காப்பீடு கட்டியது. அந்தக் கட்டம் இல்லாவிட்டால் எங்கள் நகையும் சேமிப்பும் போயிருக்கும்.

அப்புறம் ஜூன். ஊழியர்களுக்கும் குடும்பத்தாருக்கும் கம்பெனியே தடுப்பூசி முகாம் நடத்தியது. நல்ல காரியம். யாரோ ஒருவர் காப்பீட்டு போர்ட்டலில் இருந்த குடும்பப் பட்டியலை அப்படியே எக்செலில் இறக்கி, எல்லா டீம் லீடுகளுக்கும் அனுப்பினார். எங்கள் லீட் அதை டீம் வாட்ஸாப் குரூப்பில் போட்டார், “உங்க உங்க ஸ்லாட்டைப் பாத்துக்கோங்க” என்று. என் பெயருக்கு எதிரே ஓர் ஆணின் பெயர், வயது, உறவு முறை: துணைவர். குரூப் முக்கால் மணி நேரம் அமைதியாக இருந்தது. அப்புறம் ஒரே ஒரு ஸ்டிக்கர் வந்தது. அதே காமெடி நடிகர், அதே வசனம். போட்டவன் மூன்று வருஷம் என் டிபன் பாக்ஸில் கை விட்டுச் சாப்பிட்டவன்.

லீட் போன் பண்ணி, “நீ முன்னாடியே என்கிட்ட சொல்லியிருந்தா அந்த ஒரு வரியை எடுத்திருப்பேனே” என்றார். உண்மையில் வருத்தப்பட்டுத்தான் சொன்னார். தப்பு என்னுடையது என்பது போல ஆகிவிட்டது அவருக்கே தெரியவில்லை.

அன்று ராத்திரி நான் எழுதிய புகார் நாலு பக்கம். கேப் பயணம், தயிர்சாதம், எல்லாம் அதில் இருந்தது. வங்கி ஒன்றில் எச்.ஆரில் இருக்கும் என் தோழி படித்துவிட்டு, “இது டைரிடா. புகார் எங்கே?” என்றாள். பன்னிரண்டு வரியாக வெட்டினாள். என்ன கோப்பு, எந்தத் தேதி எத்தனை மணிக்கு, யார் யாருக்கு அனுப்பினார்கள், விதிப் புத்தகத்தில் தனிப்பட்ட தகவல் பற்றிய பத்தி எது, துன்புறுத்தல் பற்றிய பத்தி எது. கடைசியில் எனக்கு வேண்டியவை: கோப்பை எல்லாரும் அழித்ததற்கு எழுத்தில் உறுதி, ஸ்டிக்கர் மீது விசாரணை, விசாரணை முடியும்வரை என் ப்ராஜெக்டில் மாற்றம் கூடாது. என்ன வேண்டும் என்று கேட்காத புகாருக்கு “கவனத்தில் எடுத்துக்கொண்டோம்” என்றுதான் பதில் வரும் என்றாள். நான் கே என்று அந்த மெயிலில் ஓரிடத்திலும் இல்லை. அவர்கள் என் தகவலைக் கசியவிட்டார்கள் என்பது இருந்தது. வாதம் என் வாழ்க்கை பற்றிப் போகாமல் அவர்கள் வேலையைப் பற்றி நின்றது அதனால்தான்.

இன்னொன்றையும் அவள்தான் தடுத்தாள். ஆபீஸ் மெயில்களை என் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வேர்ட் பண்ணப் போனேன், ஆதாரம் வேண்டுமே என்று. “அதை மட்டும் பண்ணாதே, டேட்டா விதியை மீறினேன்னு உன்னையே தூக்கிருவாங்க.” அதற்குப் பதில் ஒரு சாதாரண கோடு போட்ட நோட்டு. தேதி, நேரம், இடம், யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தை சொன்னபடியே. என் போனில் வந்த வாட்ஸாப்பின் படம் என்னுடையது, அதை வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் எச்.ஆர். போனில் அழைத்தார். “பேசித் தீத்துக்கலாமே, எதுக்கு மெயில் எல்லாம்?” பதவிசாகப் பேசிவிட்டு, போனை வைத்த பத்தாவது நிமிஷம் ஒரு மெயில் அனுப்பினேன்: இன்று நாம் பேசியதில் நீங்கள் சொன்னது இது, நான் சொன்னது இது, தவறிருந்தால் திருத்துங்கள். அதற்கப்புறம் அவர் என்னோடு போனில் பேசவில்லை. எல்லாம் எழுத்தில் வந்தது, மரியாதையும் கூடியது. முடிய ஆறு வாரம். ஸ்டிக்கர் போட்டவனுக்கு எழுத்தில் எச்சரிக்கை. உறவு முறை உள்ள பட்டியலை இனி யாருக்கும் அனுப்பக் கூடாது என்று விதி மாறியது. லீட் ஒருநாள் கீழே டீக்கடையில் வைத்து, சுற்றி வளைக்காமல் மன்னிப்புக் கேட்டார். கேட்டதெல்லாம் கிடைத்தது. டிபன் பாக்ஸ் நண்பன் போனது போனதுதான். அவன் இன்னும் அதே தளத்தில், லிஃப்டில் பார்த்தால் போனைப் பார்ப்பான்.

காப்பீட்டில் துணைவர் வந்துவிட்டார் என்று எல்லாக் கட்டத்திலும் வந்துவிடுவார் என்று நினைத்துவிடக் கூடாது. நம்மைப் போன்ற ஜோடிகளுக்குத் திருமண உரிமை இல்லை என்று 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பி.எஃப்.பிலும் கிராஜுவிட்டியிலும் ‘குடும்பம்’ யார் என்பதைச் சட்டமே எழுதிவைத்திருக்கிறது. நம்மைச் சார்ந்த அப்பா அம்மா இருந்தால் நாமினி அவர்களில் ஒருவராகத்தான் இருக்க முடியும். என் துணைவன் பெயரை எழுதினால் செல்லாது. அந்தப் பணம் ஊருக்குப் போகட்டும் என்று விட்டேன், அம்மாவுக்கும் வேண்டுமே. வங்கிக் கணக்குக்குத் தடையில்லை. 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகமே, பால்புதுமையினர், அதாவது நம்மைப் போன்றவர்கள், கூட்டுக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாக வைக்கவும் தடை எதுவும் இல்லை என்று தெளிவுபடுத்தியது. ஆனால் நாமினி என்றாலே சொத்துக்காரர் என்று ஆகாது. அதனால் உயில் எழுதினேன். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை. நான் பதிவு செய்தேன். சாட்சிக் கையெழுத்துப் போட்டதில் ஒருவர் அந்த லீட்.

வேலைக்குச் சேரும்போது எடுக்கும் மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி. சோதனையைச் சத்தமில்லாமல் சேர்க்கும் இடங்கள் பற்றிக் கேள்விப்படுகிறேன். 2018 செப்டம்பர் 10-லிருந்து அமலில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டப்படி வேலைக்கு அதை நிபந்தனையாக வைக்க முடியாது. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் இதற்கென்றே ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும். யார் அவர் என்று கேட்டாலே பாதி இடங்களில் அந்தச் சோதனை பட்டியலிலிருந்து காணாமல் போகும் என்பது என் ஊகம்.

தம்பிக்கு வருகிறேன். அவன் இன்னும் ப்ரொபேஷனில் இருக்கிறான், பெருங்குடியில் சித்தப்பா வீட்டில் தங்கியிருக்கிறான். “இப்போ வேண்டாம்” என்றேன். கொஞ்சம் ஏமாற்றம் அவனுக்கு. தைரியம் கொடுப்பேன் என்று நினைத்திருப்பான். முதலில் வேலை உறுதியாகட்டும், ஆறு மாத வாடகை கையில் சேரட்டும், சித்தப்பா வீட்டிலிருந்து வெளியே வா. அப்புறம் ஒரே ஓர் ஆளிடம் சொல்லிப் பார். “ஆபீஸ் ரெக்கார்டில் அவசரத் தொடர்புக்கு யார் நம்பர் கொடுத்திருக்க?” என்று கேட்டேன். “அப்பா நம்பர்ணா.” இதைப் பலர் யோசிப்பதில்லை. ஆபீசில் ஏதாவது என்றால், “பையன் கொஞ்ச நாளாச் சரியில்ல, வீட்ல பேசுங்க” என்று அக்கறையோடு எச்.ஆர். ஊருக்குப் போன் போடுவதுண்டு. ஆபீசில் சொன்னது அவன் ஊரான தென்காசிக்குப் போய்ச் சேர ஒரு போன் போதும். நம்பரை மாற்றி, நம்பிக்கையான நண்பர் ஒருவருடையதைப் போடச் சொன்னேன். இரண்டு நிமிஷத்தில் மாற்றிவிட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். என் நம்பரைப் போட்டிருந்தான்.

போன டிசம்பரில் எங்கள் ஆபீசில் குடும்ப தினம். முதல் தடவையாக என் துணைவனையும் கூட்டிப் போனேன். நுழைவு பாஸ் போர்ட்டலிலிருந்து தானாக அச்சாகி வரும். துணைவர் என்றால் என்ன மரியாதைச் சொல் போட வேண்டும் என்று அந்தச் சிஸ்டத்துக்கு யாரும் சொல்லித்தரவில்லை போல. அவன் பெயருக்கு முன்னால் ‘திருமதி’ என்று கொட்டை எழுத்தில் வந்தது. வாசலில் செக்யூரிட்டி அண்ணன் பாஸைப் பார்த்தார், அவன் தாடியைப் பார்த்தார், மறுபடி பாஸைப் பார்த்தார். “உள்ள போங்க சார்” என்றார். அந்தப் பாஸை அவன் ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறான். நான் ஐ.டி. டீமுக்கு டிக்கெட் போட்டேன். இதை எழுதும் இன்று காலை பார்த்தபோதும் நிலை ‘ஓபன்’ என்றுதான் காட்டுகிறது.